32,000 ரூபாய் கொடுத்துக் கற்ற வீட்டுப்பாடம்

போன மாதம் எதிர்வீட்டுச் சோபாவில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பிள்ளைகளுக்கான படிப்புச் செயலி விற்கும் பையன் ஒருவன் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தான். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் அந்த வீட்டுப் பெண்ணிடம் வரிசையாக மூன்று கேள்வி கேட்டான். மூன்றுக்கும் குழந்தை திருதிருவென்று விழித்தது. அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. நான் கறிவேப்பிலை கேட்கப் போனவள், கேட்காமலே திரும்பி வந்துவிட்டேன். 2020 ஜூலையில் எங்கள் வீட்டிலும் இதே சோபா, இதே மூன்று கேள்வி. அவன் போன பிறகு அந்த அம்மாவிடம் சொன்னதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

நாங்கள் கரூரில் இருக்கிறோம். கணவருக்கு மின்வாரியத்தில் வேலை. ஊரடங்கோ புயலோ, அவர் காலை ஏழு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். நான் இரண்டு ஜவுளிக் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2020 மார்ச் நடுவில் கொரோனாவால் பள்ளியை மூடியபோது மகனுக்கு மூன்றாம் வகுப்பு முடிகிற நேரம், மகள் யு.கே.ஜி. ஏப்ரலும் மே மாதமும் கோடை விடுமுறைபோல ஓடிவிட்டன. ஜூனில் புது வகுப்பு தொடங்கியது. மகன் நான்கு, மகள் ஒன்று. மகள் ஒன்றாம் வகுப்பு முழுவதையும் வகுப்பறையைப் பார்க்காமலேயே முடிக்கப் போகிறாள் என்று அப்போது தெரியாது. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். ஒன்றரை வருஷத்துக்கும் மேல்.

முதல் தப்பு என்னுடையது. பெரிய சார்ட் பேப்பர் வாங்கி, ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டு, ஒன்பது மணி முதல் மூன்றரை வரை எட்டு பீரியட் எழுதிச் சுவரில் ஒட்டினேன். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், ஓவியம் என்று எல்லாம் இருந்தது. பெல் அடிப்பதற்கு மொபைலில் அலாரம் வேறு. மூன்று நாள் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. நான்காம் நாள் முதல் போர். ஒருவனுக்குப் பெருக்கல் சொல்லிக் கொடுக்கும்போது இன்னொருத்தி பென்சிலைச் சீவிச் சீவியே தீர்ப்பாள். இவளைக் கவனித்தால் அவன் ஜன்னலில் ஏறுவான். நடுவே பள்ளியின் ஆன்லைன் வகுப்பு. மொபைல் ஒன்று, லேப்டாப் ஒன்று, அந்த லேப்டாப்பில்தான் என் வேலையும். மகளின் வகுப்பில் டீச்சர் நாற்பது நிமிஷத்தில் பாதியை “மைக்கை ஆஃப் பண்ணுங்க” என்று சொல்லியே கழித்தார். பாவம், அவரும் என்ன செய்வார்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஜூன் கடைசியில் ஒருநாள் ஏழாம் வாய்பாட்டில் ஐந்தாவது தடவையாகத் தப்பு விட்ட மகனை ஸ்கேலால் அடித்துவிட்டேன். முழங்கையில் சிவப்பாகக் கோடு விழுந்தது. அவன் அழவில்லை. மகள்தான் அழுதாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டேன். அந்த வாரமே ஒரு கம்பெனியின் வரவு செலவில் தப்பான தொகையைப் போட்டு அனுப்பி, அந்த வேலையும் போனது. மாதம் 6,000 ரூபாய் வந்துகொண்டிருந்த வேலை.

பள்ளி நடக்கிற நேரமும் பிள்ளை படிக்கிற நேரமும் ஒன்றில்லை என்று எனக்குப் புரியாமல் போனதுதான் இத்தனைக்கும் காரணம். வகுப்பறையில் ஆறு மணி நேரத்தில் வருகைப் பதிவு, வரிசை, தண்ணீர் குடிக்கப் போவது, முப்பது பேர் நோட்டைத் திருத்துவது எல்லாம் அடக்கம். வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் என்றால் அதில் கால்வாசி நேரமே அதிகம். 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட ‘பிரக்யதா’ வழிகாட்டுதலிலும் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு 30 முதல் 45 நிமிஷம் வரையான இரண்டு ஆன்லைன் வகுப்புகளுக்கு மேல் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அதைப் பிறகுதான் படித்தேன். படித்திருந்தால் எட்டு பீரியட் சார்ட்டை அன்றே கிழித்திருப்பேன்.

அதற்குப் பதிலாகப் பணம் செலவு செய்தேன். நம்மால் முடியவில்லை என்ற எண்ணம் வந்துவிட்டால் கை தானாகப் பர்ஸுக்குப் போகும். முதலில் ஒர்க் ஷீட் அடித்துத் தர ஒரு பிரிண்டர், அப்புறம் அதற்கு இங்க், கட்டுக் கட்டாகத் தாள், சுமார் 8,000 ரூபாய். பிறகுதான் அந்தச் சோபாக் காட்சி. வந்த பையன் மகனிடம் பின்னத்தில் மூன்று கேள்வி கேட்டான், இன்னும் நடத்தாத பாடத்திலிருந்து. தெரியாமல் விழித்ததும் என் பக்கம் திரும்பி, “பேசிக்ஸ் வீக்கா இருக்குங்க மேடம்” என்றான். அவன் விற்ற செயலிக்கு மொத்தம் 24,000 ரூபாய், முன்பணம் 2,000, மீதி பதினோரு தவணை. பிடிக்கவில்லை என்றால் பதினைந்து நாளில் திருப்பித் தரலாம் என்றான். பத்தாவது நாள் கூப்பிட்டுச் சொன்னேன். “உங்க பகுதி மேனேஜர் கூப்பிடுவாருங்க” என்றார்கள். அவர் கூப்பிட்டது பதினெட்டாவது நாள்.

இதில் நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன், வேறு எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்க வேண்டாம். இப்படித் தவணைக்கு விற்கும்போது அந்தத் தவணை அநேகமாக ஒரு கடன் கம்பெனியின் கடன். செயலியை நீங்கள் திறக்காவிட்டாலும் கடன் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பதற்குக் கொடுத்த ஒப்புதலை வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம், ஆனால் கடன் நிற்காது. கட்டாமல் விட்டால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் இறங்கி, நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது அங்கே வந்து நிற்கும். அதனால் வேண்டாம் என்று சொல்வதை போனில் சொல்லாதீர்கள். அதே நாளில் மின்னஞ்சலில் எழுதுங்கள், செயலி கம்பெனிக்கும் கடன் கம்பெனிக்கும் சேர்த்து. தேதியோடு எழுத்தில் இருந்தால்தான் பேச்சுக்கு மதிப்பு. அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. பதினோரு தவணையும் கட்டினேன்.

செயலியில் வீடியோக்கள் மோசம் என்று சொல்ல மாட்டேன். கோள்கள் சுற்றின, டைனோசர் பேசியது. மகன் பார்த்தான், ரசித்தான், பத்து நிமிஷம் கழித்துக் கேட்டால் டைனோசரின் நிறம் மட்டும் ஞாபகம் இருந்தது.

பெரிய அதிர்ச்சி செப்டம்பரில். அதுவரை மகளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. தமிழ்ப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தால் பக்கம் பக்கமாக ராகத்தோடு வாசிப்பாள். ஒருநாள் மளிகைக் கடை பில் மேசையில் கிடந்தது. “இதுல என்ன போட்டிருக்கு, வாசி சாமி” என்றேன். ‘பருப்பு’ என்று தமிழில்தான் அச்சடித்திருந்தது. அவளுக்கு வரவில்லை. ப, ரு என்று தனித்தனியாகக் கேட்டேன். ‘ப’ தெரிந்தது, ‘ரு’ தெரியவில்லை. அப்படியானால் புத்தகத்தை எப்படி வாசிக்கிறாய் என்றதற்கு அவள் சாதாரணமாகச் சொன்னாள்: “படத்தைப் பாத்தாலே தெரியுதுல்லம்மா.” வீடியோவில் டீச்சர் வாசித்ததைக் கேட்டுக் கேட்டு, எந்தப் படத்துக்கு எந்த வரி என்று மனப்பாடம் செய்திருக்கிறாள். நான்கு மாதமாக அவள் வாசிக்கவே இல்லை, ஒப்பித்திருக்கிறாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை.

உங்கள் வீட்டில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். படத்தைக் கையால் மறைத்துவிட்டு வரியின் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் இல்லாத இடங்களில், பஸ் பலகையிலோ பிஸ்கட் உறையிலோ காலண்டர் தாளிலோ வாசிக்கிறதா என்று பாருங்கள். திட்டிவிடாதீர்கள், அது பிள்ளையின் திருட்டுத்தனம் இல்லை. தனக்குத் தெரிந்த வழியில் அது நம்மைத் திருப்திப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

அன்றைக்கு இரவு சார்ட்டைக் கழற்றினேன். அடுத்த சில வாரங்கள் தட்டுத்தடுமாறி, ஒரு நாளை இப்படி அமைத்துக்கொண்டோம்.

காலையில் கோலம். மகள் புள்ளி வைப்பாள், மகன் எண்ணுவான். நேர்ப்புள்ளி, அதாவது புள்ளிக்கு நேராகப் புள்ளி, 5-இலிருந்து 1 என்றால் 1, 3, 5, 3, 1, மொத்தம் 13. ஒருநாள் மகன், “அம்மா, 1-உம் 3-உம் 4, அதோட 5 சேந்தா 9, 7 சேந்தா 16, எல்லாமே ரெண்டு ரெண்டாப் பெருக்குற நம்பரா வருது” என்றான். 2×2, 3×3, 4×4 என்பதைத்தான் அப்படிச் சொன்னான். நான் பி.காம்., இத்தனை வருஷம் கோலம் போட்டிருக்கிறேன், எனக்கு அது தோன்றியதில்லை. இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி வரும் இடுக்குப்புள்ளியில் 7-இல் தொடங்கி 4-இல் முடிந்தால் 4, 5, 6, 7, 6, 5, 4, மொத்தம் 37 புள்ளி. கோலத்தைப் பாதி போட்டுவிட்டு மறுபாதியைப் பிள்ளையை முடிக்கச் சொன்னால் சமச்சீர் என்ற பாடம் அதிலேயே வந்துவிடும். சாக்பீஸ் போதும், கோலமாவு வீணாகும்.

கோலம் முடிந்ததும் மகன் மின்மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவான். நேற்றைய எண்ணை இன்றைய எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். கடன் வாங்கிக் கழிப்பதில் தப்பு விட்டால் ஒரே நாளில் 900 யூனிட் ஓடியதாக வரும், அவனே சிரித்துவிட்டுத் திருத்துவான். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். விடை தப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை, விடையே சொல்லிவிடுகிறது. இரண்டு மாதம் எழுதினால் ஒரு பில் கணக்கு முடியும். முதல் 100 யூனிட் இலவசம் என்பதைக் கழித்துவிட்டு இந்த முறை எவ்வளவு வரும் என்று அப்பாவோடு பந்தயம் கட்டுவான். அப்பாவுக்கு அலுவலகத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் மீட்டர்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்பதரை வாக்கில் நோட்டுப் புத்தகத்தோடு உட்காரும் நேரம். மகளுக்கு இருபது நிமிஷம், மகனுக்கு முப்பது. இருவரையும் ஒன்றாக உட்கார வைக்க மாட்டேன். மகளுக்கு நான் வாசிக்கச் சொல்லித்தரும்போது மகன் கல்வித் தொலைக்காட்சி பார்ப்பான். அவன் எழுதும்போது அவள் ஈர்க்குச்சி அடுக்குவாள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டி, 34 என்றால் மூன்று கட்டும் நான்கு குச்சியும். 34-இலிருந்து 8 எடு என்றால் கட்டைப் பிரிக்காமல் முடியாது, பிரித்த அன்றைக்குத்தான் அவளுக்குக் கடன் வாங்கிக் கழித்தல் புரிந்தது. அச்சடித்த ஒர்க் ஷீட்டில் அதே கணக்கைப் புரியாமலே நாற்பது தடவை போட்டிருப்பாள்.

வாசிப்புக்குப் பாடப்புத்தகத்தை ஒரு மாதம் மூடி வைத்துவிட்டேன். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு தாளுக்கு ஒரு சொல்லாகப் பெரிதாக எழுதி, வீட்டில் அந்தந்தப் பொருளின் மேல் ஒட்டினோம். கதவு, கரண்டி, தலையணை. நான்கு நாளில் அவற்றையும் இடத்தை வைத்து மனப்பாடம் செய்துவிட்டாள் என்று தெரிந்ததும், தாள்களை இடம் மாற்றி ஒட்டினேன். கரண்டியின் மேல் ‘தலையணை’. தப்பைக் கண்டுபிடித்துச் சரியான இடத்தில் ஒட்டுவது அவள் வேலை. அப்போதுதான் எழுத்தைப் பார்க்கத் தொடங்கினாள். உகர வரிசைதான் ரொம்பப் படுத்தியது. கு, சு, டு, து, பு, ரு என்று எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வளைவு இல்லை. அதற்கு மட்டும் தனியாக மூன்று வாரம் ஆனது. அவசரப்பட்டு அடுத்த வரிசைக்குத் தாவாதீர்கள்.

பதினொன்றரைக்கு மேல் அடுக்களை. எங்கள் வீட்டில் படியும் ஆழாக்கும் இருந்தன, உழக்கு என் அம்மா கொடுத்தது. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு, நான்கு உழக்கு. அரைப் படி என்றால் உரி. மகனைத் தரையில் உட்கார வைத்து அரிசியை அளக்கச் சொன்னேன். கால் என்பது உழக்கு, அரைக்கால் என்பது ஆழாக்கு, இரண்டு அரைக்கால் சேர்ந்தால் ஒரு கால். அந்த விற்பனைப் பையன் கேட்ட பின்னக் கேள்விகள் அத்தனைக்கும் விடை கையில் கிடந்தது. இட்லிக்கு ஊறப்போடும்போது நாலுக்கு ஒன்று என்பதும் கணக்குதான். அரிசி சிந்தும், அதைப் பெருக்குவதும் அவர்கள் வேலை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மளிகைப் பட்டியலையும் மகனே எழுதினான், நான் சொல்லச் சொல்ல. ஒருமுறை ‘வெள்ளம் அரை கிலோ’ என்று எழுதிக் கொடுத்து அனுப்பினான். கடைக்கார அண்ணன், “அமராவதி ஆத்துலதான் கண்ணு கேக்கணும், கடையில இல்லை” என்றாராம். அதன் பிறகு ல, ள தப்பே வரவில்லை. நான் எத்தனை முறை சிவப்பு மையில் சுழித்திருப்பேன்!

மதியம் ஒன்றும் இல்லை. இதை எழுதுவதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும், ஆனால் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. தூங்கினால் தூங்கட்டும், சண்டை போட்டால் போடட்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் கணக்கு வேலை பார்த்தேன். பிள்ளைகளுக்கு எப்போதும் ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்தவரை எனக்கு வேலையும் ஓடவில்லை, அவர்களுக்குத் தானாக விளையாடவும் தெரியவில்லை.

மாலையில் ஏதாவது ஒரு சோதனை, வாரத்தில் இரண்டு நாள் போதும். மஞ்சளைக் குழைத்துத் தாளில் தடவிக் காயவைத்து, சோப்புத் தண்ணீர் தொட்டு எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். மேலே எலுமிச்சைச் சாறு தடவினால் மறுபடி மஞ்சள். செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்த சாறும் எலுமிச்சைக்கு இளஞ்சிவப்பாகவும் சோப்புக்குப் பச்சையாகவும் மாறும். மஞ்சள் கறை சட்டையில் போகாது, பழைய துணி போட்டு விடுங்கள்.

நிழல் அளப்பது மகனுக்கு உயிர். அடுத்த ஆகஸ்டில் மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டு, நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே வந்தான். பன்னிரண்டு மணிக்குத்தான் நிழல் மிகச் சின்னதாக இருக்கும் என்று எழுதி வைத்திருந்தான். ஆனால் 12.20 வாக்கில்தான் அப்படி ஆனது. கடிகாரம் தப்பு என்று அப்பாவிடம் சண்டை. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டை வைத்து எடுத்தது, நாம் அதற்கு மேற்கே நாலரைப் பாகை தள்ளி இருக்கிறோம், அதனால் சூரியன் நம் தலைக்கு மேல் வர இருபது நிமிஷம் போலத் தாமதம் என்று நான் தேடிப் படித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. எங்கள் ஊர்ப் பக்கம் சித்திரையில் ஒரு நாளும் ஆவணியில் ஒரு நாளும் உச்சியில் நிழலே விழாது. மாடியில் நட்ட வெயிலில் நின்றதில் எனக்குத் தலைவலி வந்ததையும் சொல்ல வேண்டும். தொப்பி, தண்ணீர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், அரை மணிக்கு ஒருமுறை போய்க் குறித்துவிட்டு இறங்கினால் போதும்.

ராத்திரி எட்டு மணிக்கு மணப்பாறையிலிருந்து அப்பத்தா போனில் வருவார். அவர் சொல்லும் கதையில் ஐந்து வரியை மகன் எழுதிக்கொள்ள வேண்டும். அப்பத்தா வேகமாகப் பேசுவார், இவன் “இருங்க அப்பத்தா, இருங்க” என்று கத்துவான். தனிமையில் இருந்த அந்தக் கிழவிக்கும் அது வேலையாக இருந்தது. உட்கார்ந்து படித்த நேரம் எல்லாம் கூட்டினால் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஒன்றரை மணிக்கு மேல் போகாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கட்டணம் கட்ட முடியாமல் 2021-இல் இருவரையும் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு மாற்றினோம். நவம்பரில் பள்ளி திறந்தபோது மகள் வாசித்தாள், ஆனால் மெதுவாக. கரும்பலகையைப் பார்த்து எழுத வரவில்லை, தலையை நிமிர்த்தினால் விட்ட இடம் மறந்துவிடும். நாற்பது பிள்ளைகள் நடுவே உட்கார முதல் வாரம் பயந்தாள். இதை எல்லாம் வீட்டில் என்னால் கொடுக்க முடியவில்லை. 2022 ஜூனில் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்து, பிள்ளைகளை அவர்கள் கற்ற அளவை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று நிலையாகப் பிரித்தபோது, மூன்றாம் வகுப்பில் அவள் மொட்டில் இருந்தாள். எனக்குக் கொஞ்சம் வலித்தது. டீச்சர், “பாதிப் பேர் அரும்புங்கம்மா, நீங்க வேற” என்றார்.

எதிர்வீட்டுப் பெண் நல்லவேளையாகக் கையெழுத்துப் போடவில்லை. மழை விடுமுறையில் என்ன செய்வது என்று கேட்டாள். பல்லாங்குழியை எடுத்துக் கொடுத்தேன். பதினான்கு குழி, குழிக்கு ஐந்தாக 70 புளியங்கொட்டை. குழியில் நான்கு சேர்ந்தால் பசு. நாலாம் வாய்பாடு தானாக வரும். குன்றிமணி வைத்து விளையாடவே வேண்டாம், பார்க்க அழகாக இருக்கும், கடித்து உள்ளே போனால் விஷம். புளியங்கொட்டையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கழுவி வெயிலில் காயவைத்தால் போதும், வறுத்து வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் 70-இல் 12 குறைந்தது, மகன் தின்றுவிட்டான்.